பி.எஸ்சி. என்று நிறுத்திக்கொண்டேன்

சாமி,

உன் கடிதம் பட்டறை விலாசத்துக்கு வந்தது. வீட்டுக்குப் போட்டால் அம்மா முதலில் பிரித்துவிடுவாள் என்று தெரிந்துதான் இங்கே போட்டிருக்கிறாய். பாடி கட்டுவதற்காக வந்து நின்ற ஒரு புது லாரியின் நிழலில் நின்று படித்தேன். சேலம் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன், ஆசாரிமார் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘சேலம்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ப்பா. நீங்க சொன்னா மதுரைப் பக்கம் கேட்டு மாத்திக்கறேன்.’ கோபமாக நாலு வார்த்தை எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். வெயிலடிக்கிறதே, நாற்காலியைத் தள்ளிப் போடட்டுமா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறாய். ஒரு மகள் அப்பனுக்கு எழுத வேண்டிய வரியா அது. உன்னை அப்படி எழுத வைத்தவன் நான்தான்.

உடனே பதில் போட முடியவில்லை. எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் பலகை இத்தனை, இரும்பு இத்தனை, வண்டி இந்தத் தேதிக்குத் தயாராகும் என்பதுதான். அதற்கு மேல் நீளமாக வாழ்நாளில் எதுவும் எழுதியதில்லை. உனக்குப் புத்தி சொல்லும் தகுதியும் எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஆகிவிட்டால் வாய் சும்மா இருக்காது, நடுநடுவே வந்துவிடும், பொறுத்துக்கொள்.

நீ பத்தாவது படித்தபோது பட்டறையில் ஆசாரி ஒருவருக்கு ரம்பம் கையில் இறங்கியது நினைவிருக்கும். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அன்றைக்கும் சுற்றி, முதலாளியாகப்பட்டவன் பலகை அடுக்கின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சோற்றுப் போசி கொண்டுவந்த நீதான் போசியைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கையில் இறுக்கிக் கட்டி, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இறக்கவில்லை. அங்கே இருந்த நர்சம்மா கட்டைப் பிரித்துக்கொண்டே, “ஆரு கட்டுனது?” என்று கேட்டார். “தப்புங்களா?” என்று நீ பயந்தாய். “தப்பில்ல சாமி, நல்லாத்தான் கட்டியிருக்கற. முடிச்ச மட்டும் இந்தப் பக்கமாப் போடோணும்” என்று உன் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை நீ அதையே பேசினாய். அன்றைக்கு முழுக்கத் தலையணைக்கும் அம்மிக் குழவிக்கும் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மாவும் நானும் சிரித்தோம். நான்கு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தோம்.

ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, நர்ஸ் படிப்புக்கு அப்ளிகேஷன் போடப் போகிறேன் என்று நீ சொன்னபோதுதான் வீட்டில் சத்தம் கிளம்பியது. “ஆம்பளைங்க ஒடம்பெல்லாம் தொடோணுமாமா. நாளைக்கு உன்ன ஆரு கட்டுவாங்க?” என்று அம்மா அழுதாள். நான் அழவில்லை, கத்தினேன். “தோட்டமும் பட்டறையும் வெச்சிருக்கறவன் புள்ள, கண்டவனோட பீத்துணி அள்ளப் போகுதா? நான் ஊருல தலை காட்டறதா வேண்டாமா?” என்று கேட்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. “நம்மூட்டுல ஆருக்காச்சும் முடியாமப் போனா அள்றதுக்கு ஆளு வேணுமில்லீங்கப்பா” என்று மட்டும் சொன்னாய். அதற்கும் சேர்த்து இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

பிறகு எப்படிச் சம்மதித்தேன் என்பதை உனக்குச் சொன்னதேயில்லை. உன் பயாலஜி டீச்சர் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினார். ஒன்று, சேலத்திலேயே ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பள்ளியில் மூன்று வருஷ டிப்ளமா. இன்னொன்று, மெட்ராசில் காலேஜில் நாலு வருஷம், முடித்தால் பி.எஸ்சி. பட்டம். “ரெண்டு படிச்சாலும் நர்ஸ்தாங்க. இவளுக்கு மார்க் இருக்கு, காலேஜுக்கும் சேத்துப் போடட்டும்” என்றார். பட்டம் இருந்தால் மேலே படிக்கலாம், பிற்பாடு நீயே பாடம் நடத்தலாம் என்றெல்லாம் உனக்காக அந்த அம்மா எவ்வளவோ பேசினார். என் காதில் விழுந்தது பி.எஸ்சி. ஒன்றுதான். நம் சொந்தத்தில் பி.எஸ்சி. என்றால் அதற்குமேல் என்ன பாடம் என்று கேட்கிற அளவுக்குப் படித்தவர்கள் யாரும் இல்லை. வாய் கூசாமல் சொல்லலாம், பொய்யும் ஆகாது. அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன். நான் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததில் டீச்சருக்கே ஆச்சரியம்.

நீ இரண்டு இடத்துக்கும் அப்ளிகேஷன் போட்டாய். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்க நான்தான் உன்னைக் கூட்டிப் போனேன். “சேலம் கெடச்சாப் போதுங்கப்பா, ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்துட்டுப் போயரலாம்” என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாய். முதலில் கூப்பிட்டதும் சேலம்தான். நீ தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாய். நான் விடவில்லை. “டிப்ளமா எதுக்கு? எம்புள்ள டிகிரிதான் படிக்கோணும். மெட்ராஸ் வரட்டும், பாக்கலாம்” என்றேன். மெட்ராஸ் வராவிட்டால் ஒரு வருஷம் பாழ் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் உன் முகம் மலர்ந்துவிட்டது. அப்பா நம்மைப் பெரிய படிப்புப் படிக்க வைக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாய். தோழிகளிடமெல்லாம் எங்கப்பா டிகிரிதான் வேணும்னுட்டாரு என்று சொல்லித் திரிந்தாய். நான் மறுக்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மை என்ன தெரியுமா? ஆத்தூரிலிருந்து சங்ககிரி வரைக்கும் யாருக்கு முடியாமல் போனாலும் சேலம் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். நம் சொந்தக்காரன் எவனாவது உன்னை நர்ஸ் உடுப்பில் பார்த்துவிடுவான். மெட்ராசில் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. இடம் கிடைத்தது உன் மார்க்கால், என் புண்ணியத்தால் இல்லை. ரயில் ஏறும்போது குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் ஆசீர்வாதம் செய்தேன்.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “புள்ள என்ன பண்ணுது?” “மெட்ராஸ்ல பி.எஸ்சி. படிக்குதுங்க.” அதோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டாம் வருஷ லீவில் திருச்செங்கோட்டுக் கல்யாணத்துக்கு உன்னைக் கூட்டிப் போனேனே, அங்கே மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன படிக்கற அம்மிணி?” என்று கேட்டார். நீ ஆசையாக வாய் திறந்தாய். நான் குறுக்கே புகுந்து, “பி.எஸ்சி. படிக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் போய் வெற்றிலைத் தட்டு வாங்கி வா என்று உன்னை விரட்டினேன். தட்டு எதற்கும் தேவைப்படவில்லை. நீ கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், “ஏனுங்கப்பா, நர்சுன்னு சொன்னா என்னுங்க?” என்று கேட்டாய். “எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சாமி” என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சேலத்தை நான் ஏன் தட்டிவிட்டேன் என்பது அந்த பஸ்ஸில்தான் உனக்குப் புரிந்திருக்க வேண்டும். இனிமேல் உன் நல்லதுக்கு என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், யாருடைய நல்லதுக்கு என்று ஒரு தடவை கேட்டுவிடு.

அடுத்த வருஷம் நடந்ததை எழுதப் பயந்துதான் இத்தனை சுற்றி வருகிறேன். சங்ககிரியில் லாரிகள் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. அவர் வண்டிகளுக்கெல்லாம் நம் பட்டறையில்தான் பாடி கட்டுவோம். நமக்குக் கொள்வினை கொடுப்பினை உள்ள கூட்டம். தன் சின்னப் பையனுக்கு உன்னைக் கேட்டிருந்தார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும் பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தேன். இது உனக்கு இப்போதுதான் தெரிகிறது, அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். அவர் உன்னைப் பார்த்ததில்லை, மெட்ராஸ் பி.எஸ்சி. என்று மட்டும் தெரியும். நீர்ப்பையில் கல் இருக்கிறது, மெட்ராசுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள் என்று அவரிடம் டாக்டர் சொல்லிவிட்டார். “மச்சான், உங்க புள்ள அங்கதான படிக்குது, ஊரு உங்களுக்குப் பழக்கம். தொணைக்கு வாங்க” என்று கூப்பிட்டார். எப்படி மறுப்பது? போய்ப் பார்த்தால், அவரைச் சேர்த்தது உன் காலேஜை ஒட்டிய ஆஸ்பத்திரி. அத்தனை பெரிய கட்டடத்தில் எங்கே கண்ணில் படப் போகிறாய் என்று தைரியமாக இருந்தேன். உனக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கூட அனுப்பவில்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்தபோது நீ அந்த ஆண்கள் வார்டுக்குள் வந்தாய். தொப்பியும் உடுப்புமாக உன்னை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கண்டதும் உன் முகம் முழுக்கச் சிரிப்பு. நீ கூப்பிட வாயெடுப்பதற்குள் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். லேசாகத்தான் ஆட்டினேன். நீ புரிந்துகொண்டு பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பிவிட்டாய். அந்த நேரம் பார்த்துப் பெரியவருக்கு வயிறு கலங்கிக் கட்டிலிலேயே ஆகிவிட்டது. டிரைவர்களையும் கிளீனர்களையும் அதட்டியே பழகிய மனிதர், போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். நீ திரையை இழுத்துவிட்டு, தண்ணீரும் துணியும் எடுத்து வந்தாய். “பரவால்லீங்க, ஆபரேஷன் ஆனா ஆருக்கும் இப்படித்தானுங்க. மெதுவா அந்தப் பக்கம் ஒருக்களிச்சுக்குங்க” என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. துடைத்து, விரிப்பு மாற்றி, திரையை விலக்கினாய். அவர் போர்வையை இறக்கி உன்னைப் பார்த்தார். “பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாட்டம் இருக்குது. எந்த ஊரு அம்மிணி?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். “வாழப்பாடிங்க” என்று நம் ஊரை மறைத்து வேறு ஊரைச் சொன்னாய். “அப்பன் என்ன பண்றாரு?” என்றார். மறுபடியும் என்னைப் பார்த்தாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். “அப்பா இல்லீங்க” என்று சொன்னாய்.

அடப் பாவமே என்று அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கேயேதான் நின்றேன். நான் இருக்கிறேன், இது என் மகள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நீ அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மாட்டிக்கொள்ளவில்லை என்கிற நிம்மதி. துக்கமெல்லாம் கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் இதை விட்டுவிட்டு வேறு எதை எழுதியும் பிரயோஜனமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அழுக்குத் துணியையும் பேசின் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நீ அந்த வழியாக வந்தாய். என்ன சொல்வாயோ என்று பயந்தேன். நீ நிற்கவில்லை. நடந்தபடியே, யாருக்கும் கேட்காதபடி, “சாப்டீங்களாப்பா? கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற கடையில சாப்பிடாதீங்க, அந்த எண்ணெ உங்களுக்குச் சேராது” என்று சொல்லிவிட்டுப் போனாய். உயிரோடு இருக்கிற அப்பனை இல்லை என்று சொல்ல வைத்தவனுடைய வயிற்றைப் பற்றி உனக்குக் கவலை. ஊர் திரும்பும் வழியெல்லாம் பெரியவர், “அப்பன் இல்லாத புள்ளைங்க மச்சான், என்ன பொறுமை பாத்தீங்களா” என்று உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

நீ பட்டம் வாங்கிய விழாவுக்கு அம்மாவை மட்டும் ரயில் ஏற்றிவிட்டேன். பட்டறையில் வேலை என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை, கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்ட முகம் இல்லை. அம்மா உன் போட்டோவோடு திரும்பி வந்து கூடத்தில் மாட்டப் போனாள். உள் அறையில் மாட்டு என்றேன். “பெத்த புள்ளய இன்னும் எங்கதான் ஒளிச்சு வெப்பீங்க?” என்று கேட்டாள். ஆரம்பத்தில் அழுதவள் அவள்தான். ஆனால் அவள் என்றைக்கோ அழுது முடித்துவிட்டாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் சங்ககிரிக்குப் போனேன். பெரியவர் லாரிகளுக்கு நடுவே கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொன்னேன். என் மகள் படித்தது நர்ஸ் படிப்பு என்றேன். மெட்ராசில் உங்களைத் துடைத்துவிட்ட பெண் அவள்தான் என்றேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்பன் இல்லீன்னு அந்தப் புள்ள சொன்னப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க.” “நின்னுட்டுத்தான இருந்தீங்க?” “ஆமாங்க.” அவர் மேல்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். “நர்சுங்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க மச்சான். அந்தப் புள்ள கையால தண்ணி வாங்கிக் குடிச்சவன் நானு, அது மருமகளா வந்தா எங்கூட்டுக்குப் பெரும. ஆனா உங்ககிட்டச் சம்பந்தம் வெச்சுக்க எனக்கு மனசு வல்லீங்க. நாளைக்கு எம்பேரன் நொண்டியாப் பொறந்தா அவனையும் ஆருன்னு தெரியாதுன்னு சொல்லுவீங்க” என்றார். நர்ஸ் என்று தெரிந்தால் கெட்டுவிடும் என்று எதைப் பொத்திப் பொத்தி வைத்தேனோ, அது நான் பொத்தி வைத்ததால்தான் கெட்டது. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த வாரமே ராசிபுரத்தில் ஒரு விருந்து. பந்தியில் உட்கார்ந்ததும், பக்கத்து இலைக்காரர், நமக்குப் பங்காளி முறை, வழக்கம்போல உன்னைப் பற்றி விசாரித்தார். “நர்சுங்க. நர்சுக்குத்தான் படிச்சுது, சேலம் ஆஸ்பத்திரில வேலை போட்டிருக்காங்க” என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, “அப்புடியா? எங்கம்மாவுக்குக் காலுப் புண்ணு ஆறவே மாட்டீங்குது. புள்ளகிட்டச் சொல்லி ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க” என்றார். எதிர் வரிசையில் ஒருவர், தன் தங்கச்சி மகளும் நர்ஸ் படிக்க ஆசைப்படுகிறாள், அப்ளிகேஷன் எப்படிப் போடுவது என்று கேட்டார். அவ்வளவுதான். எழுந்து போனவரும் இல்லை, முகம் சுளித்தவரும் இல்லை. இதற்காகவா உன்னை அந்த வார்டில் அப்படி நிற்க வைத்தேன் என்று நினைத்து, பிசைந்த சோற்றை அப்படியே விட்டு இலையை மடித்தேன். ஊர் ஊர் என்று நான் பயந்ததில் பாதிக்கு மேல் என் தலைக்குள்தான் இருந்திருக்கிறது.

சேலத்துக்கே வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, அதைச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை என்று தெரிகிறது. சேலம் வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான், மெட்ராஸ் என்று முடிவு செய்தவனும் நான். இந்தத் தடவை நீ முடிவு செய். சேலம் பிடித்தால் வா, உன் போட்டோவைக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மா இப்போதே என்ன சமைப்பது என்று கணக்குப் போடுகிறாள். மதுரையில் நல்ல ஆஸ்பத்திரி, நல்ல பெரிய டாக்டர்கள், அங்கே நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றினால் மதுரைக்குப் போ. இந்த மனிதன் முகத்தில் கொஞ்ச நாள் விழிக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றினாலும் போ, அதில் தப்பே இல்லை. எந்த ஊராக இருந்தாலும், நீ சரி என்றால், சேருகிற அன்று நானும் கூட வருகிறேன். உள்ளே வர வேண்டாம் என்றால் கேட்டிலேயே நிற்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சாமி. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று மட்டும் எங்கேயும் போய்விடாதே.

அப்பா